மிங்கலாடோனில் இறங்கிய மாலுமி

இன்று காலை கடையில் காகிதம் கருகும் வாசனை வந்தது. உடனே உன் ஞாபகம். பூ, ஊதுபத்தி என்று ஏதாவது நல்ல வாசனையில் உன்னை நினைத்திருக்கலாம். உனக்கு வாய்த்தது இதுதான், என்ன செய்ய.

ஆற்றுச் சரக்குப் படகு ஒன்றிலிருந்து பழைய எக்கோ சவுண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். படகின் அடியிலிருந்து ஒரு சத்தத்தைத் தண்ணீருக்குள் அனுப்பி, அது தரையில் மோதித் திரும்புவதைக் கேட்டு, ஆழத்தைக் கோடாகப் போட்டுக் காட்டும் பெட்டி. இப்போது எல்லாம் திரையில் வருகிறது. இந்தக் கிழட்டு மாடலில் மட்டும் ஓர் ஊசி காகிதத்தைச் சுட்டுச் சுட்டுக் கோடு போடும். ஊசியை இழுக்கிற பெல்ட் அறுந்திருந்தது. செய்த கம்பெனியே இன்று இல்லை, பெல்ட்டுக்கு எங்கே போக? பழைய பிரிண்டர் ஒன்றின் பெல்ட்டை வெட்டி, ஒட்டிப் போட்டேன். ஓடியது. ரங்கூனில் பாதி இயந்திரங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. ஜப்பான் பம்புக்குச் சீனா மோட்டார், அதற்கு யாரோ அலோன் பேட்டைப் பட்டறையில் கடைந்து கொடுத்த புஷ். பார்க்க அசிங்கமாக இருக்கும். நான் கேட்பது ஒரே கேள்வி: ஓடுதா? ஓடினால் சரி.

ஊசி நகர்ந்ததும் அந்தக் கருகல் வாசனை எழும்பியது. நாம் இருவரும் சேர்ந்து போன ஒரே கப்பலின் மேல்தளத்தில் இருந்ததும் இதே மாடல்தான். நீ மூன்றாம் அதிகாரி. நான் மின்சாரம் பார்க்கிறவன். ரங்கூன் ஆற்றின் வாய்க்கு வெளியே கப்பல் ஊர்ந்துகொண்டிருந்தது. காகிதத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள் விழுந்தன. நீ என்னைக் கூப்பிட்டு அனுப்பினாய்.

"இதுல எதுடா தரை?"

"மேல இருக்கிறது சேறு. கீழ இருக்கிறது தரை. மெஷின் சரியாத்தான் இருக்கு. இதுக்கா என்னைப் படியேற வச்சே?"

"காராவா இருந்தா ஒரே பார்வையில சொல்லிடும்."

"காராவா? புது மாடலா?"

நீ சிரித்த சிரிப்பில் கேப்டன் திரும்பிப் பார்த்தார். காரா என்பது மீன் என்று அப்புறம் சொன்னாய். பழைய பாரசீகர்களுக்கு வோருகஷா என்று ஒரு கடல் இருந்தது. உலகத்துத் தண்ணீரெல்லாம் போய்ச் சேருகிற கடல். அதன் நடுவில் எல்லா நோய்க்கும் மருந்தான ஒரு மரம். அதன் வேரைக் கடிக்கக் கெட்ட சக்தி ஒரு பிராணியை ஏவிவிட்டிருக்கிறது. மரத்தைச் சுற்றிக் காரா மீன்கள் ஓயாமல் வட்டமிடுகின்றன. எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு மீனின் முகம் அந்தப் பிராணியைப் பார்த்தபடியே இருக்கும். தண்ணீரில் மயிரிழை அளவு சலனம் எழுந்தாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடும்.

"யோசிச்சுப் பாரு, அது வாட்ச் ட்யூட்டிதானே? நாம செய்யிறது அதைத்தான்" என்றாய்.

"சாப்பாடு யாரு தர்றா?"

"அதுங்களுக்குச் சாப்பாடே வேணாமாம்."

"முதல்ல அதுங்களை யூனியன்ல சேத்துவிடு."

இந்தக் கதைகள் உனக்கு எங்கிருந்து வந்தன என்று எல்லோரும் கேட்பார்கள். ரங்கூன் தமிழன், அப்பா வழியில் முருகன், அம்மா வழியில் புத்தர், இவன் வாயில் ஏன் பாரசீகம்? உன் முதல் கப்பலில் இரண்டாம் எஞ்சினியராக இருந்தவர் ஓர் ஈரானியர். வேலை இல்லாத மாலைகளில் அவர் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறாய். மற்றவர்கள் கப்பலிலிருந்து வாசனைத் திரவியமும் போனும் கொண்டுவந்தார்கள். நீ இதைக் கொண்டுவந்தாய். சுங்கத்தில் பிடிக்கவும் மாட்டார்கள்.

எனக்கு அவற்றில் பொறுமை இருந்ததில்லை. நேராகவே சொல்வேன், உனக்கும் தெரியும். அதே கப்பலில் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டு, நான் முழங்கை வரை அசிங்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது நீ மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாய். வோருகஷாவின் நடுவில் ஒரு வெள்ளைக் கழுதை நிற்கிறது, மூன்று கால், ஆறு கண், ஒன்பது வாய், அது மூத்திரம் பெய்தால் கடல் முழுக்கச் சுத்தமாகிவிடும் என்று ஆரம்பித்தாய்.

"மச்சான், அதைக் கூட்டிட்டு வா. இல்லாட்டி அந்த ஸ்பேனரை எடு. ரெண்டுல ஒண்ணு செய்."

ஸ்பேனரை எடுத்தாய். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே, மூன்று காலில் எப்படி நிற்கும் என்று யோசித்தாய். மூன்று காலில் நிற்பது பிரச்சினையே இல்லை, முக்காலி ஆடாது, நாலு கால்தான் ஆடும் என்று நான் சொன்னேன். "பாத்தியா, நீயும் நம்பிட்டே" என்றாய். எனக்குக் கோபம் வந்தது.

இன்னொன்று குதிரைக் கதை. அந்திப்பொழுதில் நீ நட்சத்திரம் பார்த்துக் கணக்குப் போடுவாய். வானத்திலேயே பெரிதாக மின்னுகிற சிரியஸைக் காட்டி, அதுதான் திஷ்த்ரியா, மழை கொண்டுவருகிறவன் என்பாய். வெள்ளைக் குதிரையாகக் கடலுக்கு இறங்கி வருகிறான். வறட்சி கறுப்புக் குதிரையாக எதிரே நிற்கிறது. முதல் சண்டையில் வெள்ளைக் குதிரை தோற்றுவிடுகிறது.

"ஏன் தோத்தான்?"

"கீழ இருக்கிறவங்க யாரும் அவன் பேரைச் சொல்லிக் கும்பிடல. பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான் அவனுக்குப் பலம். அப்புறம்தான் ஜெயிச்சு, மழையக் கொண்டுவந்தான்."

மழை எப்படி வருகிறது என்று நான் உனக்கு விளக்கினேன். ஆவி, அழுத்தம், காற்று. நீ பொறுமையாகக் கேட்டாய். முடிந்ததும், "யபாதே மச்சான்" என்றாய். பரவாயில்லை என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்கிற பர்மியச் சொல். நீ அதைச் சொன்னால் மட்டும் என்னை மன்னித்துவிட்ட மாதிரி இருக்கும்.

அந்த ஒப்பந்தம் முடிந்ததும் நான் கடலை விட்டேன். எனக்குக் கப்பல் பிடிக்கும், காத்திருப்பது பிடிக்காது. கப்பலில் பாதி வேலை காத்திருப்பதுதான். அலோனில் கடை போட்டேன். நீ தொடர்ந்து போனாய். ஒரு முறை லீவில் வந்திருந்தபோது, டீக்கடையில் உட்கார்ந்து அந்த மாலுமியின் கதையைச் சொன்னாய். உன் கதைகளிலேயே எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது அதுதான்.

பௌர்வா என்று ஒரு படகோட்டி. பெரிய வீரன் ஒருவன் அவனைப் பருந்து உருவத்தில் வானத்தில் வீசிவிடுகிறான். மூன்று பகல், மூன்று இரவு தன் வீட்டுக்கு மேலேயே பறந்துகொண்டிருக்கிறான். வீடு தெரிகிறது. இறங்க முடியவில்லை.

"எதுக்கு வீசினான்?"

"தெரியல."

"தெரியலன்னா? காரணம் இல்லாமலா? ரிப்போர்ட்ல என்ன எழுதுவே?"

"காரணம் யாரும் சொல்லி வைக்கல, மச்சான். வீசினான், அவ்வளவுதான்."

"சரி, படகோட்டியை வீசுறதுன்னா கடல்ல வீசணும். வானத்துல என்ன வேலை அவனுக்கு?"

நீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "நீயே சொல்லு. ரங்கூன்ல எந்தக் கப்பல்காரன் கப்பல்ல வீட்டுக்கு வந்திருக்கான்?"

யாரும் வந்ததில்லை. ஒப்பந்தம் எந்தத் துறைமுகத்தில் முடிகிறதோ அங்கே இறக்கிவிட்டு, கையில் டிக்கெட் கொடுத்து, விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். கப்பல்காரன் வீடு வந்து சேர்வது எப்போதும் வானத்திலிருந்துதான். அலோன் துறையில் எத்தனை கப்பல் வந்தாலும் அவன் அம்மா போய் நிற்பது மிங்கலாடோன் விமான நிலையத்தில். எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ ஒருவன் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்புறம் எப்படி இறங்கினான்?" என்று கேட்டேன். கேட்டதே எனக்கு அவமானமாக இருந்தது.

விடிகிற நேரத்தில் அனாஹிதாவைக் கூப்பிட்டானாம். தண்ணீருக்கெல்லாம் தாய். என்னை உயிரோடு என் வீட்டில் இறக்கிவிடு, ஆற்றங்கரையில் உனக்குப் பால் கலந்து ஆயிரம் தரம் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டானாம். அவள் தங்கச் செருப்பும் நீர்நாய்த் தோல் கோட்டுமாக வந்து அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டாளாம்.

"தோல் கோட்டா? இந்த வெயில்லயா?"

"அதுல்ல விஷயம். எங்க இறக்கிவிட்டா, கேளு. துறையில இல்ல. கரையில இல்ல. அவன் வீட்டுல. துறைமுகம் வந்துட்டா வீடு வந்துட்ட மாதிரின்னு நாம சொல்லிக்கிறோம் பாரு, அது பொய்."

உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது நீ ஏதோ ஒரு கடலின் நடுவில் இருந்தாய். அடுத்த துறையில் இறக்கி, சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். தாமதமாகிவிட்டது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதை நீயே போனில் என்னிடம் சொன்னாய், வானிலை சொல்கிற குரலில்.

"என்ன செய்யப் போறே?"

"வீட்டுக்கு வர்றேன். டாக்டர் ஒரே ஒரு விமானத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு. இன்னொண்ணு தாங்காதாம்."

"வந்தா நேரா இங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"ஆஸ்பத்திரியில சாகிறதுக்கு நான் எதுக்குடா கிளம்பணும்? இங்கயே படுக்கை நல்லாத்தான் இருக்கு. ஏசி வேற."

உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மிங்கலாடோனுக்குப் போனேன். எல்லோருக்கும் அவர் அமே. பர்மியத்தில் அம்மா என்றுதான் அர்த்தம், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவருக்கு நான் மௌங் சேவி, அதாவது தம்பி சேவி. அவருக்குத் தமிழ் நாலு வார்த்தை. நாங்கள் பேசியதெல்லாம் பர்மியத்தில், உனக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன். மடியில் ஒரு சூப்புப் பிளாஸ்க், அதன்மேல் இஸ்திரி போட்ட உன் லுங்கி. பிற்பகல். மழை கண்ணாடிக்கு வெளியே சுவர் மாதிரி நின்றது. எதிரே நின்ற டாக்சிகள்கூடத் தெரியவில்லை. வரவேண்டிய நேரம் கடந்துவிட்டது. என் போனில் விமானத்தின் பாதை தெரிந்தது. நேராக வந்த கோடு, ஊருக்கு வடக்கே வந்ததும் வளைந்து ஒரு நீள்வட்டம் போட்டது. அதன் மேலேயே இன்னொன்று. அதன் மேல் மற்றொன்று.

"மௌங் சேவி, ஏன் இறங்கல?"

"மழை, அமே. ஓடுபாதை தெரியாது. அதான் மேல சுத்திக்கிட்டிருக்கு."

"எவ்வளவு நேரம் சுத்தும்?"

"எண்ணெய் இருக்கிற வரைக்கும்."

"எவ்வளவு எண்ணெய் இருக்கு?"

"தெரியாது."

"நீ இஞ்சினியர்தானே?"

"இதுக்கு இல்ல, அமே."

"இங்க இறங்க முடியாட்டி?"

"மண்டலே போயிடலாம். பாங்காக்குக்குக்கூடப் போயிடலாம்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் கேட்டால் சொல்லிவிடுவேன், என் வாய் அப்படி. அமே பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். ஒரே ஒரு விமானம்தான் என்று அவருக்கும் தெரியும். வேறு ஊரில் இறங்கினால் வேறு ஊர் ஆஸ்பத்திரி, அப்புறம் வீடு கிடையாது. மகன் தலைக்கு மேலே இருக்கிறான். மேகம் மட்டும் இல்லாவிட்டால் அண்ணாந்து பார்த்தால் தெரிவான். அவ்வளவு பக்கம்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பொய்யும் வராது. தெரிந்த உண்மையெல்லாம் தீர்ந்துவிட்டது. உன் கதை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வேறு வழியில்லாமல் அதை எடுத்தேன்.

"அமே, பழைய காலத்துல ஒரு கப்பல்காரன் இருந்தான். அவனை ஒருத்தன் வானத்துல வீசிட்டான்."

"எதுக்கு?"

"தெரியாது. வீசிட்டான். பருந்து மாதிரி அவன் வீட்டுக்கு மேலயே சுத்திக்கிட்டிருந்தான். மூணு நாளு."

"வீடு அவனுக்குத் தெரியுதா?"

"தெரியுது. இறங்கத்தான் முடியல."

"அப்புறம்?"

அங்கே என் பெல்ட் அறுந்தது. அப்புறம் என்ன என்று நினைவுக்கு வரவே இல்லை. தங்கச் செருப்பு ஞாபகம் வந்தது. பால் ஞாபகம் வந்தது. இடையில் அவன் என்ன செய்தான்? அமே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்த முடியாது. கைக்கு அகப்பட்ட உதிரிபாகத்தை எடுத்து மாட்டினேன்.

"கீழ இருக்கிறவங்க அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடணும், அமே. கூப்பிட்டாத்தான் அவனுக்கு இறங்கப் பலம் வரும். அப்போ ஆத்துக்குச் சொந்தக்காரி ஒரு பொண்ணு வந்து, கையைப் பிடிச்சு இறக்கிவிடுவா. அவளுக்கு ஆத்தங்கரையில பால் ஊத்தணும்."

அமே கொஞ்சம் யோசித்தார். "எந்தப் பேரு? பாஸ்போர்ட்டுல இருக்கிற பர்மாப் பேரா, வீட்டுப் பேரா?"

இப்படி ஒரு கேள்வியை நீகூட எதிர்பார்த்திருக்க மாட்டாய். "ரெண்டும்தான்" என்றேன்.

அமே கூப்பிட ஆரம்பித்தார், முதலில் வாய்க்குள். பிறகு கொஞ்சம் சத்தமாக. உன் அப்பா வைத்த தமிழ்ப் பெயரை அமே எப்போதும் கொஞ்சம் உடைத்துத்தான் சொல்வார், அப்படியே சொன்னார். அதற்கடுத்து பர்மியப் பெயர். மறுபடி தமிழ்ப் பெயர். பக்கத்தில் நின்ற ஒரு பெண், அதே விமானத்தில் வரும் கணவனுக்காகக் காத்திருந்தவள், என்ன என்று கேட்டாள். அமே என் கதையை இரண்டே வரியில் சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு அவளும் தன் புருஷன் பெயரைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நின்ற மாமியார் சத்தமாகவே கூப்பிட்டார். பெட்டி தள்ளிக்கொண்டு போன ஒருவர், "என்ன, இங்க ஏலம் விடுறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த சுற்றில் நானும் கூப்பிட்டேன். சத்தமாக இல்லை.

போனில் நீள்வட்டம் ஒரு பக்கம் பிரிந்து நேர்கோடாயிற்று. உயரம் குறைந்தது. இன்னும் குறைந்தது. மேகக் கூட்டம் ஓடுபாதையைத் தாண்டி மேற்கே நகர்ந்துவிட்டது, விமானிக்கு விளக்குகள் தெரிந்திருக்கும், அதனால் இறங்கினான். பெயருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றும் இதைத்தான் சொன்னேன், இன்றும் இதைத்தான் சொல்கிறேன். அமே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது மட்டும் சொல்லவில்லை.

சக்கர நாற்காலியில் உன்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி ஆள்தான் வந்திருந்தாய். அமே லுங்கியை உன் மடியில் விரித்து, பிளாஸ்க்கைத் திறந்து, அங்கேயே சூப்பு கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நீ அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாய்.

"என்னடா முறைக்கிறே?"

"மேல என்ன செஞ்சே? வேண்டிக்கிட்டியா?"

"தூங்கிட்டேன், மச்சான். எதுவுமே தெரியாது. பக்கத்து சீட்டு அம்மாதான் கையைப் பிடிச்சு எழுப்பினாங்க, வந்துட்டோம்னு."

சொல்லிவிட்டு உன் கையையே ஒரு முறை பார்த்துக்கொண்டாய். பிறகு உன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. "அவங்க கால்ல என்ன செருப்புன்னு பாக்காம விட்டுட்டேனே" என்றாய்.

டாக்சியில் நடந்ததையெல்லாம் சொன்னேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வலித்தது, இருந்தாலும் சிரித்தாய். "அது குதிரைக் கதைடா. மாலுமி தன் வாயாலதான் வேண்டிக்கிட்டான். ரெண்டையும் சேத்து வெல்ட் அடிச்சிட்டியே. நீ மனுஷனா?"

"நீதான் தூங்கிட்டியே. அப்ப யாரு வேண்டுறது?"

நீ கொஞ்ச தூரம் மழையைப் பார்த்தபடி வந்தாய். பிறகு என் கடையில் நான் பேசுவதைப் போலவே குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "ஓடுதா? ஓடினா சரி" என்றாய்.

க்யிம்யிண்டைங்கில் உங்கள் வீட்டு மாடிப்படி எவ்வளவு செங்குத்து என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். கதவுக்கு முன்னால் இறக்கிவிடச் சொன்னாய். நிற்க முடியாது என்றேன். நின்றாய். கதவின் மரத்தில் உள்ளங்கையை வைத்தாய்.

"இப்பத்தான் லேண்டிங்" என்றாய்.

பால் விஷயத்தை அமே மறக்கவில்லை. மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில், பிளாஸ்டிக் நாற்காலியோடு உன்னைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போனோம். ஆயிரம் தரம் ஊற்றுவதாக அல்லவா அவன் சொன்னான் என்று நீ எடுத்துக்கொடுத்தாய். ஒரு தரம்தான், இங்கே பம்பு கிடையாது என்று நான் முடித்துவைத்தேன். சந்தையில் பசும்பால் கிடைக்கவில்லை. டீக்கடையில் கெட்டிப்பால் டின் ஒன்றை வாங்கி, ஓட்டை போட்டு, வெந்நீரில் கலக்கினோம். இதிலும் வேறு கம்பெனி பார்ட்தான். அக்கரைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த படகோட்டி ஒருவர் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்த நாட் சாமிக்கு, அம்மா?" என்று கேட்டார். நாட் என்றால் இங்கே காவல் தெய்வம். ஆற்றில் இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒருவர் உண்டு.

"கையைப் பிடிச்சு இறக்கிவிட்டாளே, அந்தப் பொண்ணுக்கு" என்றார் அமே, படகோட்டிக்கு அவளைத் தெரியும் என்பது போல.

அவர் தலையாட்டினார். தனக்குத் தெரியாத தெய்வம் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. நீ கிண்ணத்தைச் சாய்த்தாய். பாதி உன் காலிலேயே கொட்டியது. மீதி, ஏற்கெனவே டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் விழுந்தது.

"சர்க்கரை போட்டீங்களா?" என்றார் படகோட்டி. "எங்க ஆத்துக்கு ஸ்ட்ராங்காத்தான் பிடிக்கும்."

நீ சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி என்று எழுதினால் இந்த இடத்துக்குப் பொருத்தமாக இருக்கும். உண்மை இல்லை. அந்த மழைக்காலம் முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். வலி குறைந்த நேரங்களில் என் கடைக்குப் போன் செய்து, கழுதைக்கு ஒன்பது வாய் இருந்தால் கொட்டாவி எப்படி விடும் என்று கேட்பாய். வாடிக்கையாளர் நிற்கிறார், வை என்பேன். "யபாதே" என்பாய். மழை ஓய்ந்து, ஊர் முழுக்க விளக்கு வைக்கிற பண்டிகைக்கு ஆட்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் போனாய். உன் கட்டிலில். உன் கதவுக்கு உள்ளே. நீ கேட்டது கிடைத்தது. அதனால் நான் அதிகம் புலம்பவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு.

இப்போது ஒரு செய்தி சொல்ல வேண்டும். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். புருஷன் கப்பலில் வேலை, அவன் வாங்கி அனுப்பிய ரேடியோ பேசவில்லை. பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நாளை வருகிறான், மழையாக இருக்கிறதே என்றாள். நான் வழக்கம்போல, மழை இருந்தால் மேலே சுற்றும், எண்ணெய் தீர்ந்தால் வேறு ஊருக்குப் போகும் என்றேன். அவள் பயப்படவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல் பார்த்தாள்.

"பேரு சொல்லிக் கூப்பிடணும். உங்களுக்குத் தெரியாதா? பழைய காலத்துக் கதை. ஒரு கப்பல்காரனை வானத்துல வீசிட்டாங்க. வீட்டுல இருக்கிறவங்க அவனோட ரெண்டு பேரையும் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஒரு பேரு மட்டும் சொன்னா பாதி தூரம்தான் இறங்குவான். ரெண்டும் சொல்லணும். அப்புறம் ஆத்துல பால் ஊத்தணும், கெட்டிப்பால்தான் ஊத்தணும்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுவாங்க. எங்க அம்மா காலத்துலேருந்து இருக்கு."

எங்க அம்மா காலத்திலிருந்தாம். உன் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளித்தான் அவள் வீடு. அமே சந்தையில் ஒருத்தியிடம் சொல்லியிருப்பார், அவள் இன்னொருத்தியிடம். பாரசீகம் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. குதிரையும் இல்லை, தங்கச் செருப்பும் இல்லை. வோருகஷா இருந்த இடத்தில் ரங்கூன் ஆறு ஓடுகிறது. ஒரு பெயர் மட்டும் சொன்னால் பாதி தூரம் என்பது நான் மாட்டிய பாகமே இல்லை. அது அமே வீட்டுத் தயாரிப்பு.

யார் தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்துகிறவன் நான். வோல்டேஜைத் தப்பாகச் சொன்ன வாடிக்கையாளரிடம் அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன். அன்று வாயைத் திறக்கவில்லை. ரேடியோவைச் சரிசெய்து கொடுத்து, "கொஞ்சம் சத்தமாவே கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் மழை பெய்தது. அவள் புருஷன் வந்துவிட்டான். மேகம் நகர்ந்திருக்கும்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். சரியான கதையும் தெரியும், வெல்ட் அடித்த கதையும் தெரியும். இரண்டையும் வைத்திருக்கிறேன். ஊருக்குள் ஓடுவது இரண்டாவது.

இதோ, மேசைமேல் ஊசி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சோதனைக்கு வாளித் தண்ணீரில்தான் வைத்திருக்கிறேன், அதனால் ஒரே கோடு, அசையாத தரை. நாளை படகில் பொருத்தினால் ஆற்றில் இரண்டு கோடுகள் விழும். எது சேறு, எது தரை என்று படகுக்காரர் கேட்பார். சொல்வேன். காராவைப் பற்றியும் சொல்லலாம் என்று இருக்கிறேன், அவசரம் இல்லாத ஆளாக இருந்தால்.

இவ்வளவு எழுதியும் உன் பெயரை எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். எழுதினால் காகிதத்தோடு நின்றுவிடும். கடையில் இப்போது யாரும் இல்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் பக்கத்துக் கடைக்கும் கேட்காது. கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுகிறேன். இரண்டையும்.